ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்ட்: மலிவான கொட்டேஷனில் மிச்சமாவது யாருடைய காசு?

அலுவலகத்துக்கு ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி தேடுபவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். மூன்று கொட்டேஷன் வாங்குவார்கள், கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகையைப் பார்ப்பார்கள், குறைந்ததைத் தேர்ந்தெடுப்பார்கள். மேஜை, நாற்காலி வாங்குவதற்கு இது சரி. தூய்மைப் பணிக்குச் சரிவராது. இந்தத் தொழிலில் செலவின் பெரும்பகுதி ஆட்களின் சம்பளம்தான். விலையை இறக்க வேண்டுமென்றால், ஏஜென்சி கைவைக்கும் இடமும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

10 பேர் தேவை, ஒருவருக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்-க்கு ஏஜென்சியின் பங்கு 12%. காப்பீடு, நிர்வாகக் கட்டணம் சேர்த்தால் 13%, அதாவது 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ 3.25%, சுமார் 488 ரூபாய். குறைந்தபட்ச போனஸ் 8.33%, மாதக் கணக்கில் 1,250 ரூபாய். ஆக, ஒருவருக்கு ஏறக்குறைய 18,700 ரூபாய். 10 பேருக்கு 1.87 லட்சம். ஃபினாயில், மாப், மெஷின், யூனிஃபார்ம், ஏஜென்சியின் லாபம் எதுவும் இதில் சேரவில்லை. 18% ஜி.எஸ்.டி-யும் தனி.

இதே வேலையை 1.6 லட்சத்துக்கு ஒருவர் முடித்துத் தருவதாகச் சொன்னால், 'பேரம் படிந்தது' என்று மகிழ வேண்டாம். 10 பேருக்குப் பதில் 8 பேர் வருவார்கள், அல்லது பி.எஃப் கட்டப்படாது, அல்லது தொழிலாளியின் கைக்குப் போகும் பணம் குறையும்.

பொறுப்பு உங்களுக்கும் உண்டு

'அது ஏஜென்சியின் பிரச்னை' என்று ஒதுங்க முடியாது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும் என்று 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது. இன்று மிச்சம் பிடித்தது நாளை பாக்கியாகத் திரும்பி வரலாம்.

கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

* மொத்தத் தொகை மட்டும் போதாது. சம்பளம், பி.எஃப், இ.எஸ்.ஐ, பொருள்கள், சர்வீஸ் சார்ஜ் எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

* பி.எஃப், இ.எஸ்.ஐ தொகையை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒவ்வொரு பில்லுடனும் தொழிலாளர் பெயர்ப் பட்டியல் உள்ள சலானை இணைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேருங்கள்.

* ஏஜென்சி ஏற்கெனவே வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மேனேஜரிடம் மட்டுமல்ல, அங்கே மாப் பிடித்திருப்பவரிடமும் பேசுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்ற ஒரு கேள்வி போதும்.

* கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சையும் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும். மூச்சுக்கு ஆபத்து. கையுறை தருகிறார்களா, பாட்டில்களில் பெயர் ஒட்டியிருக்கிறதா, பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.

* 'செப்டிக் டேங்க்கையும் நம்ம பசங்களே பார்த்துப்பாங்க' என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதரை அதில் இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் முறையே 2 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: போன வருடம் வந்த அதே ஆட்கள் இப்போதும் வருகிறார்களா? சம்பளம் ஒழுங்காக வரும் இடத்தில்தான் ஆட்கள் நிற்பார்கள். எந்த மாடியில் எந்தக் குழாய் ஒழுகும், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பதும் அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும்.