சிற்பியின் உளியும் சிற்பியின் உயிரும்

காங்கேயத்துக் காளையின் பெருமையைப் பேசாத கொங்கு நாட்டார் இல்லை. அதே திருப்பூர் மாவட்டத்துத் திருமுருகன்பூண்டியில் கருங்கல்லைத் தெய்வ உருவாக்கும் சிற்பிகளின் நிலையைச் சிந்திப்போரோ மிகச் சிலர். இக்காலத்துச் சிற்பப் பட்டறைகளில் உளியோடு மின்விசையால் சுழலும் அறுவை யந்திரமும் வேலை செய்கிறது. இதனால் பரம்பரைக் கலை கெட்டதென்று கலாபிமானிகள் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் இடமறியாதது என்பதே நமது அபிப்பிராயம்.

காங்கேயத்துக்கு அணித்தே, நொய்யற்கரைக் கொடுமணலில் 1985-ஆம் ஆண்டு முதல் நடந்த அகழ்வாராய்ச்சிகள், 2000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மணிக்கற்களைத் தீட்டித் துளையிட்டதையும் இரும்பை உருக்கியதையும் மெய்ப்பித்தன. வேலைக்கேற்ற கருவியைத் தேடிக்கொள்வது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. நம் காலத்திலும் சோழமண்டலக் கலைஞர் கிராமத்துச் சிற்பி பி.வி. ஜானகிராம், ஆலய விக்கிரகங்களுக்குச் சாத்தும் கவசங்களின் மரபைத் தழுவி, உலோகத் தகடுகளைத் தட்டியும் பற்றவைத்தும் புதிய சிற்பங்களைப் படைத்தார். மரபு குடியிருப்பது கருவியிலன்று. அதை ஆளும் கையிலும் கண்ணிலுமே.

அங்ஙனமாயின் அபாயம் எங்கே? தூசியில். கருங்கல்லில் சிலிக்கா என்னும் பொருள் உண்டு. யந்திரம் கல்லை உலர அறுக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் தங்கி, சிலிகோசிஸ் என்னும் நோயை விளைவிக்கிறது. அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. தடுக்கும் வழி மட்டுமே உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதைத் தொழில்நோயென ஏற்றது. ஆனால் மின்விசையுள்ள இடத்தில் பத்துத் தொழிலாளராவது இருந்தாலன்றி அச்சட்டம் பொதுவாக அதைத் தொழிற்சாலையாகக் கொள்ளவில்லை. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமோ அவ்வெண்ணிக்கையை இருபதாக உயர்த்திற்று. நாலைந்து பேர் உழைக்கும் பட்டறைக்குக் காவல் யாது? தூசி ஆள் எண்ணிப் பார்த்தா நெஞ்சிற் புகுகிறது?

ஆகவே, கல் அறுக்கும் சிறு பட்டறைகளையும் அபாயத் தொழிலிடங்களாகக் கொண்டு சர்க்கார் காக்க வேண்டும். நீர் பாய்ச்சி அறுக்கும் சாதனம், தூசி உறிஞ்சும் கருவி, தக்க முகக்கவசம், ஆண்டுதோறும் மார்புப் பரிசோதனை ஆகியவை இன்றியமையாதவை. சிலை செய்விக்கும் ஆலய நிர்வாகிகளும் செல்வரும் இச்செலவைக் கூலியோடு சேர்த்தளிப்பது கடமை. இக்கடமையை அவர்களுக்கு நினைவூட்டும் பொறுப்பு ஊர்தோறுமுள்ள தேச ஊழியர்களைச் சார்ந்தது. தெய்வத்துக்குக் கண் திறக்கும் சிற்பி மூச்சுத் திணறி மடிவானாயின், அச்சிலையின் அழகைப் போற்றும் தகுதி நமக்கில்லை.