சிலிண்டர் வந்தது, கண் எரிச்சல் போகவில்லை!

விறகு அடுப்பில் சமைக்கும் பெண்களுக்குக் கண் எரிகிறது. சிவக்கிறது. மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது.

"அடுப்படி என்றால் அப்படித்தான்" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல.

இந்தப் புகையை ஒழிக்கத்தான் "உஜ்வலா" திட்டம் வந்தது. 2016-ம் ஆண்டு மே 1-ந் தேதி, உத்தரப்பிரதேசத்தில் உள்ள பல்லியாவில் பிரதமர் மோடி அதைத் தொடங்கி வைத்தார். ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே கியாஸ் இணைப்பு கொடுத்தார்கள். 2019-ம் ஆண்டில் இணைப்புகள் 8 கோடியை எட்டின. பிறகு 10 கோடியையும் தாண்டின.

அப்படி இருந்தும் பல வீடுகளில் புகை நிற்கவில்லை. ஏன்?

கண்ணில் நடப்பது என்ன?

முதலில், புகை பட்டால் கண் ஏன் எரிகிறது என்று பார்ப்போம்.

நம் கண்ணின்மேல் எப்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அதன் மேல்புறத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. அதுதான் கண்ணீர் காய்ந்துவிடாமல் காக்கிறது. இமை மூடித் திறக்கும்போதெல்லாம் படலம் புதிதாகிறது.

விறகுப் புகையில் கரித்தூளும், காரமான வாயுக்களும் இருக்கின்றன. அவை படலத்தைக் கெடுக்கின்றன. கண் காய்கிறது; எரிகிறது.

"கண்ணீர்தான் கொட்டுகிறதே, காய்வது எப்படி?" என்று கேட்கலாம். அது தூசியைக் கழுவ வரும் அவசரக் கண்ணீர். வழிந்து ஓடிவிடும், கண்ணில் தங்காது.

பல ஆண்டுகள் புகையில் சமைப்பவர்களுக்குக் கண்புரை வரும் அபாயமும் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

கணக்கைப் பாருங்கள்

உஜ்வலா குடும்பங்கள் 2019-20-ல் சராசரியாக ஆண்டுக்கு 3 சிலிண்டர்தான் வாங்கின. 2023-24-ல் அது ஏறக்குறைய 4 ஆயிற்று.

ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் சமைக்க 8 சிலிண்டர் வேண்டும். 4 வாங்கினால்? பாதி ஆண்டு விறகு அடுப்புதான்!

காரணம் பணம். சிலிண்டருக்கு முழுத் தொகையையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். மானியம் பிறகுதான் பாங்கிக் கணக்கில் வரும். அன்றாடம் கூலி வாங்கும் வீட்டில் அவ்வளவு பணம் ஏது? விறகைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடலாம். அதனால் டீ போட கியாஸ், சோறு பொங்க விறகு என்று ஆகிவிடுகிறது.

2022-ம் ஆண்டு மே மாதம் இவர்களுக்குச் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். 2023 அக்டோபரில் அதை 300 ஆக்கினார்கள். வாங்கும் சிலிண்டர்களின் எண்ணிக்கையும் சிறிது சிறிதாகக் கூடியது. கைக்கு எட்டும் விலையில் கொடுத்தால், மக்கள் வாங்குவார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே, இணைப்பு கொடுத்ததோடு வேலை முடியவில்லை. அடுத்த சிலிண்டரை வாங்க முடிகிறதா என்பதே கேள்வி.

அதுவரை என்ன செய்வது?

* மொத்தமாகப் பணம் கொடுக்க முடியாதவர்கள் 5 கிலோ சிறிய சிலிண்டர் கேட்டுப் பார்க்கலாம்.

* ஈர விறகு வேண்டாம். நன்றாகக் காய்ந்ததையே எரியுங்கள்.

* ஜன்னலைத் திறந்து வையுங்கள். பருப்பை ஊறவைத்து, பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். புகையில் நிற்கும் நேரம் குறையும்.

* கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நிற்காதீர்கள்.

* எரிந்தால் கண்ணைக் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள்.

* டாக்டரைக் கேட்காமல் கடையில் சொட்டு மருந்து வாங்காதீர்கள். சில மருந்துகளை நெடுநாள் விட்டால் பார்வையே கெடும்.

* கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூச்சம், சீழ்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கண் டாக்டரிடம் போங்கள்.

குடும்பத் தலைவர்களே! மாதச் செலவைக் கணக்குப் போடும்போது, சிலிண்டரை ஆடம்பரச் செலவாக எழுதாதீர்கள். அது, சமைப்பவரின் கண்ணைக் காக்கும் செலவு.