முதுகுக்கு எத்தனை ஸ்க்ரூ?

“கீழ் முதுகுல ரெண்டு எலும்பையும் சேர்த்து ஸ்க்ரூ போடணும்” என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் எழும் முதல் கேள்வி, “எந்த முறை நல்லது?” என்பதுதான்.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்த ஆபரேஷனில் முள்ளெலும்புகளை நிரந்தரமாக இணைப்பது ஸ்க்ரூ அல்ல, எலும்பு. நோயாளியின் இடுப்பெலும்பு போன்ற இடங்களிலிருந்து எடுத்த எலும்புத் துண்டுகளை அங்கே வைப்பார்கள். பல மாதங்களில் அவை வளர்ந்து, இரண்டு முள்ளெலும்புகளையும் ஒன்றாக்கும். அதுவரை அசையாமல் பிடித்துக்கொள்வதே ஸ்க்ரூவின் வேலை. கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் பலகை தாங்குமே, அதுபோல!

மூன்று வழிகள்

* முள்ளெலும்புகளின் இரு பக்கமும் எலும்புத் துண்டுகளை மட்டும் வைப்பது. உலோகம் கிடையாது.
* எலும்புத் துண்டுகளோடு, பின்பக்கமாக ஸ்க்ரூ இறக்கிக் கம்பியால் பிணைப்பது.
* இவற்றோடு, தேய்ந்த டிஸ்க்கை அகற்றி அந்த இடைவெளியிலும் எலும்பு வைப்பது. இப்போது ‘கேஜ்’ எனும் சிறு கூண்டையும் அங்கே பொருத்துகிறார்கள்.

எது ஜெயித்தது?

ஸ்வீடனில் இந்த மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். டிஸ்க் தேய்மானத்தால் குறைந்தது 2 வருடங்களாகக் கடும் முதுகுவலியில் தவித்த 222 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஆபரேஷன் செய்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது.

எலும்பு ஒன்றுசேர்ந்தது முதல் குழுவில் 72 சதவிகிதம், இரண்டாவதில் 87, மூன்றாவதில் 91. அப்படியென்றால் மூன்றாவது முறைதானே நல்லது? அங்கேதான் ஆச்சர்யம். 2 வருடங்கள் கழித்து வலி எவ்வளவு குறைந்தது, அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது என்று பார்த்தால், மூன்று குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆரம்பகட்டச் சிக்கல்களோ 6, 16, 31 சதவிகிதம் என ஏறிக்கொண்டே போயின!

எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருப்பது வேறு, வலி தீர்வது வேறு.

இது தேய்மான வலிக்கான கணக்கு. எலும்பு முறிவு, எலும்பு நழுவுதல் போன்றவற்றில் ஸ்க்ரூவின் பிடிப்பு அவசியமாகலாம். 2002-க்குப் பிறகு கருவிகளும் நிறைய மாறியிருக்கின்றன.

டாக்டரிடம் கேளுங்கள்

* எலும்பு நழுவியிருக்கிறதா, நரம்பு அழுந்துகிறதா, தேய்மானம் மட்டும்தானா?
* பிசியோதெரபி, உடற்பயிற்சிகளை முழுமையாக முயன்று பார்த்தாயிற்றா?
* இந்த முறையை எனக்குத் தேர்ந்தெடுக்க என்ன காரணம்? அதில் என்ன ரிஸ்க்?

கால் பலவீனமானாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ கேள்விகளோடு காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆபரேஷன்தான் என்று முடிவானால், நோயாளி கையில் இருப்பது இரண்டு: சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, சிகரெட்டை நிறுத்துவது. புகைப்பழக்கம் எலும்பு சேர்வதைத் தடுக்கும். எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.