வீட்டு லேப் புனல்: காசைக் கண்ணாடியில் போடாதீங்க, கடைசி அலசலில் போடுங்க!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. பக்கெட், குழாய் எல்லாம் வெள்ளைப் படிவம். வீட்டிலேயே வேதியியல் சோதனை செய்து பார்ப்பவர்களின் புனலும் இதிலிருந்து தப்பாது. அதனால், இங்கே புனலின் விலையைவிட அதைக் கழுவும் தண்ணீர்தான் முக்கியம்.

எந்தப் புனல் வாங்கலாம்?

தொடக்கத்துக்கு பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் போதும். எளிதில் உடையாது; நீர்த்த அமிலம், காரம் தாங்கும். கூம்பு 60 டிகிரி இருக்கணும். வட்ட வடிதாளை நான்காக மடித்து விரித்தால் அதே கோணம்தான் வரும். சின்டர்டு கண்ணாடிப் புனல் வேண்டாம்; நுண்துளைகளில் படிவம் அடைத்தால் எடுப்பது பெரும்பாடு.

எப்படிக் கழுவுவது?

வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீர். வெள்ளைப் படிவம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரில் ஊறினால் கரையும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். போர் தண்ணீரோடு நிறுத்தினால் அதிலுள்ள குளோரைடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த சோதனையில் சில்வர் நைட்ரேட் விட்டதும் வெள்ளை வீழ்படிவு வரும், விடையே தப்பாகிடும்.

எது கூடவே கூடாது?

கறை போகலைன்னு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்காதீங்க. நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். சோதனைக்குப் போன புனல் மறுபடி சமையலறைக்கு வரக் கூடாது.

விலை உயர்ந்த கண்ணாடிக்குப் பதில் ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர். இந்த மண்ணுக்கு அதுதான் சரி.