பிள்ளைக்கு எதுக்குடா வாட்ச்?

போன மாதம் பண்ருட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னக் கடையில் 350 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கினேன். அக்கா மகளுக்கு. ஆறாவது படிக்கிறாள். வட்ட முகம், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்ணும் போட்டது, சிவப்பு நொடி முள், கறுப்பு வார். அவ்வளவுதான். ஏதோ பிள்ளைக்குப் பீடி வாங்கிக் கொடுத்தவனைப் பார்ப்பதுபோல ஊரே என்னைப் பார்க்கிறது.

"பிள்ளைக்கு எதுக்குடா வாட்ச்? நாலு நாள்ல உடைச்சிடும்." இது அத்தை. "வாங்குறதுதான் வாங்குற, ஜிபிஎஸ் வெச்ச ஸ்மார்ட்வாட்ச் வாங்க வேண்டியதுதான? எங்க இருக்கான்னு போன்லயே தெரியும்." இது நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருக்கும் நண்பன். மூன்றாவது தரப்பு பள்ளிக்கூடம். அது பேசவில்லை, கழற்றி வாங்கி வைத்துக்கொண்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அத்தை. நம்மில் பலருக்கு முதல் வாட்ச் தின்கிற வாட்ச். கொம்பில் பொம்மை கைதட்ட, சவ்வு மிட்டாய்க்காரர் ரோஸ் கலர் பாகை இழுத்து மணிக்கட்டில் சுற்றிக் கட்டுவாரே, அது. திருவதிகைத் தேருக்குப் போனால் எனக்கு அது நிச்சயம். வீடு வந்து சேர்வதற்குள் மணியை நக்கித் தீர்த்துவிடுவேன். நிஜ வாட்ச் என்பது வேறு விஷயம். "பத்தாவது பாஸ் பண்ணு, வாங்கித் தர்றேன்" என்றார் அப்பா. பாஸ் பண்ணினேன், வாங்கியும் கொடுத்தார். பீரோவில் வைத்துப் பூட்டி, கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுத்துக் கட்டி, ஒரு வருஷத்தில் பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்துச் செத்தது அது. ஒரு கீறல் விழவில்லை. உடையாமல் காப்பாற்றிய வாட்சின் லட்சணம் இது.

யோசித்துப் பாருங்கள். பரீட்சை ஹாலில், எத்தனை நிமிஷம் மிச்சம் என்று தெரியாமல், கடைசி ஐந்து மார்க் கேள்வியைப் பாதியில் விட்டு எழுந்து வந்த பிள்ளைகள் நாம். பரீட்சைக்கு வேண்டிய பொருளைப் பரீட்சையில் ஜெயித்த பிறகு பரிசாகக் கொடுக்கிறார்கள். ஃபெயிலானவனுக்கு அதுவும் இல்லை. இப்போது நீட் ஹாலுக்குள் யாருமே வாட்ச் கட்டிக்கொண்டு போக முடியாது, அது தனிக் கூத்து.

"விலை கம்மியா இருந்தா சரியா ஓடாது" என்பது இன்னொரு கட்டுக்கதை. மாமா ஒருவர் எச்.எம்.டி. ஜனதா கட்டியிருந்தார். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த அரசு நிறுவனம் அது. 2016-ல் இழுத்து மூட முடிவெடுத்தார்கள். அருமையான வாட்ச்தான், ஆனால் தினமும் சாவி கொடுக்கணும், ரெண்டு நாளைக்கு ஒருமுறை ரேடியோ நியூஸ் பார்த்துத் திருத்தணும். இன்றைய குவார்ட்ஸ் வாட்சுக்குள் கவை மாதிரி ஒரு துளிப் படிகம், நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும், அதுதான் ஒரு நொடி. 350 ரூபாய் வாட்சிலும் இதே கணக்கு, ஷோரூம் கண்ணாடிக்குள் முப்பதாயிரத்துக்கு இருக்கும் குவார்ட்ஸிலும் இதே கணக்கு. மாதத்துக்குச் சில நொடி முன்னே பின்னே போகும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் பெயருக்கும். நேரத்துக்கு இல்லை.

விலை குறைந்ததிலும் வாங்கக்கூடாதது உண்டு, மறைக்கவில்லை. திருவிழாக் கடையில் விற்கிற, பட்டனை அழுத்தினால் லைட் எரிகிற பொம்மை வாட்ச். அதில் மணி தப்பாக இருப்பது சின்னப் பிரச்சினை. பின்மூடி நகத்தால் நெம்பினாலே கழன்று வரும், உள்ளே பட்டன் செல். அதை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள் வெந்துபோகலாம், நாணயம் போலப் பெரிசாக இருக்கும் லித்தியம் செல் என்றால் இன்னும் மோசம். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனிலிருந்து இதற்கென்றே கட்டாய விதி இருக்கிறது, மூடியைக் குழந்தை திறக்க முடியக்கூடாது. நம் ஊரில் விதிக்குக் காத்திருக்க வேண்டாம், வாட்சைத் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூ போட்டு முடுக்கியதா, இல்லை கத்தி வைத்து நெம்பினால்தான் வரும் ஸ்டீல் மூடியா என்று பாருங்கள். நான் கடையில் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது.

இப்போது நண்பனின் ஜிபிஎஸ். குழந்தை எங்கே இருக்கிறது என்று நமக்குச் சொல்கிற வாட்ச். சிலதில், பிள்ளைக்குத் தெரியாமலே அதைச் சுற்றி நடக்கும் பேச்சையும் நாம் ஒட்டுக் கேட்கலாம். 2017 நவம்பரில் ஜெர்மனி அந்த மாதிரி வாட்சுகளை உளவுக் கருவி என்று சொல்லித் தடை செய்தது. வாங்கியவர்களே உடைத்துப் போடும்படியும் சொன்னது. வகுப்பில் டீச்சர் பேசுவதைப் பெற்றோர் ஒட்டுக் கேட்டார்களாம். நண்பனிடம் சொன்னேன், "டேய், நீ அவளுக்கு வாங்கச் சொல்றது வாட்ச் இல்லடா, மாட்டுக்குக் கட்டுற மணி." அவள் நேரத்தைப் பார்க்கத்தான் வாங்கினேன். அவளைப் பார்க்க இல்லை. நண்பன் இன்னும் கோபத்தில் இருக்கிறான்.

நேரத்தைப் பார்த்து அவள் என்ன செய்வாள்? இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

எங்கள் வீட்டில் நேரம் எப்போதும் அடுத்தவருடையது. அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. அவருடைய காலை என்பது வேன்காரனின் ஹாரன். அம்மாவுக்கு, தெருவில் கடக்கிற பால்காரர். அக்கா முந்திரி கம்பெனியில் பருப்புத் தரம் பிரிக்கிறாள். முழுசு தனி, பாதி தனி, உடைசல் தனி. நாள் கூலி. கொட்டகைச் சுவரில் கடிகாரம் கிடையாது. மேஸ்திரி கையில் இருப்பதுதான் மணி. அவர் "சாப்பாட்டுக்குப் போங்க" என்றால் சாப்பாடு, "வாங்க வாங்க, அரை மணி ஆச்சு" என்றால் அரை மணி.

ஒரு சனிக்கிழமை இவள் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், புது வாட்சோடு. மேஸ்திரி கூப்பிட்டதும் கையைப் பார்த்துவிட்டு, சத்தமாக, "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கே?" என்று கேட்டிருக்கிறாள். சுற்றி முப்பது பெண்கள். யாரும் எழுந்திருக்கவில்லையாம், ஒரு நிமிஷம் போல. பிறகு எழுந்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்து அவள் முதுகில் ரெண்டு வைத்தாள். என்னையும் திட்டினாள். "உன்னாலதான்டா. எனக்கு வேலை போனா நீயா சோறு போடுவ?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனிடம் நாழிகைக் கணக்கர் வந்து, நீர்க்கன்னல் பார்த்து, இவ்வளவு பொழுது போனது என்று சொல்வார்கள். அரசனுக்குச் சொல்ல ஆள் இருந்தது. மற்றவர்களுக்கு முரசும் மணியும், பிறகு ஆலைச் சங்கு. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967-ல் தொழிற்சாலையும் நேரமும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் பழைய தொழிலாளர் வாக்குமூலங்கள் வருகின்றன. ஆலை முதலாளிகள் கடிகாரத்தைக் காலையில் முன்னே தள்ளி வைப்பார்கள், இரவில் பின்னே இழுத்து வைப்பார்கள். ஓர் ஆலையில் ஒரே ஒருவரிடம் சொந்த வாட்ச் இருந்தது. அதை வாங்கி முதலாளியிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் செய்த குற்றம், கூட வேலை செய்தவர்களுக்கு மணி சொன்னது.

இதைப் படித்து ஒரு வாரம் இருக்கும், இவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். டீச்சர் வாட்சை வாங்கி பீரோவில் வைத்துவிட்டாராம். "ஏன்டி?" "கடைசி பீரியட்ல பசங்க கேட்டாங்க மாமா. இன்னும் நாலு நிமிஷம்னு சொன்னேன்."

பள்ளிக்கூடம் சொன்ன காரணம் வேறு: "மத்த பிள்ளைங்க ஏங்கும்." இந்த வாதத்தை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். ஏங்கிய பிள்ளைதான் நானும். டவுன்ஷிப் பையன்கள் லைட் எரியும் கேஸியோவை இருட்டில் அழுத்திக் காட்டும்போது வயிறு எரிந்தவன். ஆனால் ஏக்கத்துக்கு மருந்து, இருக்கிறவள் கையிலிருந்து பிடுங்குவதா? இந்த மாநிலம் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்திருக்கிறது, லேப்டாப் கொடுத்திருக்கிறது, ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்திருக்கிறது. டைட்டன் கம்பெனியே 1984-ல் டாட்டாவும் நம் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. ஆலை இருப்பது ஓசூரில். வாட்ச் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிற அரசு கொடுக்கும் இலவசப் பட்டியல்களில் நான் பார்த்தவரை வாட்ச் இல்லை. ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கட்டிவிட்டால் என்ன? கெட்டுப்போகட்டும், உடையட்டும். 626 நம்பர் செல் மாற்ற பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடைக்காரர் என்னிடம் நாற்பது ரூபாய்தான் கேட்டார். வார் அறுந்தால் வார் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அக்கா இப்போது அவளிடம் கோபமாக இல்லை. நேற்று அடுப்படியிலிருந்து, என் பக்கம் திரும்பாமலே, "லேடீஸ் வாட்ச் என்னா விலைடா வருது?" என்றாள். "ஏன், உனக்கா?" என்றேன். "சும்மா கேட்டேன்" என்று பருப்பைக் கடைந்தாள்.

வாட்சைத் திரும்ப வாங்கப் பெற்றோர் நேரில் வரணுமாம். வர்ற வெள்ளிக்கிழமை, பத்து மணி என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அக்காவுக்கு லீவு கிடையாது, நான்தான் போகிறேன். "போன தடவை பத்துன்னுட்டு பதினொன்னரைக்குத்தான் கூப்பிட்டாங்க மாமா" என்கிறாள் இவள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்று மறக்காமல் பார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள்.