கைப்பேசி செய்யும் ஊரின் எடுக்கப்படாத படம்

மின்னணுப் பொருள்களின் ஏற்றுமதியில் இந்தியாவிலேயே முதலிடத்தில் இருக்கிறது தமிழ்நாடு. 2023-24 நிதியாண்டில் 956 கோடி டாலராக இருந்த இந்த ஏற்றுமதி, 2024-25-இல் 1,465 கோடி டாலராக உயர்ந்தது. இந்த உயர்வில் கைப்பேசிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றில் கணிசமானவை ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வட்டார ஆலைகளில் உருவாகின்றன. கைப்பேசி இன்று பேசுவதற்கான கருவி மட்டுமன்று. படம் எடுப்பதற்கான கேமராவும் அதுவே. அவ்வகையில், நாட்டின் பெரிய கேமரா உற்பத்தி மையங்களுள் ஒன்று சென்னைக்கு வெகு அருகில் இயங்குகிறது எனலாம்.

இந்த வட்டாரத்தின் வாழ்க்கையை அங்கு வாழ்பவர்களே எடுத்துக் காட்டிய ஒரு படத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழில்வழித்தடம் நம் கண்ணுக்குத் தென்படுவது இரண்டு வேளைகளில்தான். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் ஒன்று. பிரச்னை வெடிக்கும் நாள் மற்றொன்று. விடுதி உணவு நஞ்சானதைக் கண்டித்துப் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்த 2021 டிசம்பரிலும், ஐந்து வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் நீடித்த 2024 செப்டம்பர், அக்டோபரிலும் கேமராக்கள் அங்கு சென்றன. பிரச்னை முடிந்ததும் திரும்பிவிட்டன.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே சென்றால் வரும் மணிமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்று இவ்வூர். கூரம் செப்பேட்டில் இவ்வூரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால்தான் நமக்கு அது தெரிய வருகிறது. அந்தச் செப்பேடு வென்றவனின் புகழைப் பேசுகிறதே தவிர, போர் நடந்த ஊரில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்று அதே ஊரின் வயல்களுக்கும் ஏரிக்கும் நடுவே மனைப்பிரிவுகள் எழுந்துள்ளன. வாடகை அறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. விடியற்காலையில் நிறுவனப் பேருந்துகள் ஆள் ஏற்றிச் செல்கின்றன. இந்த மாற்றத்தையும் வென்றவர்களின் செப்பேடாக மட்டும் விட்டுச்செல்லப் போகிறோமா என்பதே என் கேள்வி.

ஆலைக்கும் திரைப்படத்துக்குமான உறவு சினிமாவின் முதல் நாளிலேயே தொடங்கியது. 1895-இல் லியோன் நகரில் லூமியர் சகோதரர்கள் எடுத்த முதல் படம், அவர்களுடைய சொந்த ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் காட்சி. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் அந்தப் படத்தில் இருப்பவர்களில் பலர் பெண்கள். அந்த ஆலை ஒளிப்படத் தகடுகளைத் தயாரித்த ஆலை. அதாவது, படம் எடுப்பதற்கான பொருளைச் செய்தவர்களே முதன்முதலில் படமாக்கப்பட்டார்கள். ஆனால், கேமரா முதலாளியின் கையில் இருந்தது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1995-இல் ஜெர்மானிய இயக்குநர் ஹாருண் ஃபரோக்கி இதே தலைப்பில் ஒரு படம் எடுத்தார். சினிமா பெரும்பாலும் ஆலை வாயிலோடு நின்றுவிட்டது, தொழிலாளி வெளியே வந்த பிறகே அதன் கதைகள் தொடங்குகின்றன என்று அதில் அவர் சுட்டிக்காட்டினார்.

கேமரா ஏன் தொழிலாளியின் கைக்கு வரவில்லை? முதல் காரணம் விலை. 35 மி.மீ. படச்சுருளில் 400 அடி ஓடி முடிய நான்கரை நிமிடம்கூட ஆகாது. சுருளுக்கும் கழுவலுக்கும் பிரதிக்கும் பணம் கொடுக்க முடிந்தவரே இயக்குநராக முடிந்தது. இந்தச் சுவர் இடியத் தொடங்கியது விடியோ வந்தபோது. மதுரையின் துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் அன்றாட வேலையைப் பின்தொடர்ந்து, ஆர்.பி. அமுதன் 2003-இல் 'பீ' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். பெரிய படப்பிடிப்புக் குழுவால் அந்தத் தெருவுக்குள் அவ்வளவு நெருக்கமாகச் சென்றிருக்க முடியாது. கருவி சிறியதாக இருந்தது, அது எடுத்த படத்தின் தன்மையையே தீர்மானித்தது.

பிறகு, புகைப்படக்காரர்களுக்கான டிஜிட்டல் கேமராக்கள் விடியோவும் எடுக்கத் தொடங்கின. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படங்களால் அறிமுகமான கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும் 'பீட்சா', 'சூது கவ்வும்' என்று தமிழ் சினிமாவின் கதைசொல்லும் முறையையே சற்று அசைத்தார்கள். பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) முழுநீளப் படத்துக்கு, ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் பயன்படுத்தியது கேனன் 7டி என்ற புகைப்பட கேமரா. அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

மலிவான கருவி எவ்வாறு படைப்பாற்றலைத் தூண்டுகிறது? வசதி இல்லாதபோது மூளை வேலை செய்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால், அதன் இயக்கத்தைச் சற்று நுணுகிப் பார்ப்பது நல்லது.

கைப்பேசியின் சென்சார் மிகச் சிறியது. மங்கிய ஒளியில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். ஆகவே, எடுப்பவர் ஒளியைத் தேடிப் போக வேண்டும். தேநீர்க் கடையின் குழல்விளக்கு, பேருந்தின் முகப்பு வெளிச்சம், பணிமுறை மாறும் வேளையின் விடியல் ஆகியவை அவருடைய விளக்குகளாகும். சிறிய சென்சாரில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒருசேரத் தெளிவாக விழும். பின்புலத்தை மங்கவைத்து முகத்தை மட்டும் அழகாக்குவது எளிதன்று. ஆகவே, பின்புலமும் கதை பேச வேண்டும். ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருந்தால் அந்த ஆறு பேரின் பைகளும் படத்தில் இருக்கும். தொலைவிலிருந்து இழுத்துக் காட்டினால் தரம் கெடும். ஆகவே, அருகில் செல்ல வேண்டும். அருகில் செல்ல வேண்டுமானால், எதிரில் இருப்பவர் நம்மை ஏற்க வேண்டும். கருவியின் குறை இங்கே மனித உறவைக் கட்டாயமாக்குகிறது.

மகாராஷ்டிரத்தின் விசைத்தறி நகரமான மாலேகான் இதற்கு நல்ல சான்று. விடியோ திரையரங்கு நடத்திவந்த நாசிர் ஷேக், உள்ளூர்க்காரர்களை நடிக்க வைத்து 2000-இல் 'ஷோலே' படத்தின் மாலேகான் வடிவத்தை எடுத்தார். கேமராவை நகர்த்த மிதிவண்டி. உயரத்திலிருந்து எடுக்க மாட்டுவண்டி. பின்னர் எடுத்த 'சூப்பர்மேன்' படத்தின் நாயகன் ஒரு தறித் தொழிலாளி. ஃபைசா அகமது கான் எடுத்த ஆவணப்படத்தால் இந்த முயற்சி உலகறிந்தது. அண்மையில் அது ஹிந்தித் திரைப்படமாகவும் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால், தறிச் சத்தத்திலேயே வாழும் நகரம் தன்னைத் தானே திரையில் பார்த்துக்கொண்டதே, அது சிறிய நிகழ்வன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 2015-இல் 'டேன்ஜரின்' படத்தை ஐபோன் 5எஸ் கைப்பேசியில் எடுத்தார் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் கூடுதல் வில்லை பொருத்தப்பட்டதும், ஒலி தனிக் கருவிகளில் பதிவானதும் பேசப்படுவதில்லை. அண்மையில் வந்த '28 இயர்ஸ் லேட்டர்' படமும் பெருமளவு கைப்பேசியில் எடுக்கப்பட்டதுதான்; ஆனால், அது பல கோடி டாலர் செலவில் உருவான படம். 'எங்கள் கைப்பேசி இருந்தால் போதும், நீங்களும் இயக்குநர்' என்பது விளம்பர வாசகம். ஸ்ரீபெரும்புதூரில் அந்த உயர்விலைக் கைப்பேசியைக் கோக்கும் பெண்ணுக்கு, அதன் விலை பல மாத ஊதியம். அவர் கையில் இருப்பது பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கைப்பேசி. நான் பேசுவது அந்தக் கைப்பேசியைப் பற்றித்தான். ஒரு மூன்று நிமிடக் கதையைச் சொல்ல அது போதும்.

கருவி இருந்தும் படம் ஏன் வரவில்லை? விலை என்ற சுவர் இடிந்த பிறகும் மூன்று சுவர்கள் நிற்கின்றன.

முதலாவது, நேரம். பணிமுறை, மிகைநேரம், பேருந்துப் பயணம் எல்லாம் போக எஞ்சுவது உறக்கத்துக்கே போதாது. இரண்டாவது, அனுமதி. பல ஆலைகளில் கைப்பேசியை வாயிலிலேயே ஒப்படைக்க வேண்டும். சில இடங்களில் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். வணிக ரகசியம் காப்பதில் நியாயம் உண்டு. ஆனால், வேலைநேரம் போக மீதமுள்ள வாழ்க்கை எந்த நிறுவனத்தின் ரகசியமும் அன்று. மூன்றாவது, பார்வையாளர். எடுத்ததை எங்கே காட்டுவது?

'அதுதான் ரீல்ஸ் இருக்கிறதே' எனலாம். மணிமங்கலம் பகுதியில் மாலைவேளையில் நடந்தால், ஏரிக்கரையிலும் மொட்டைமாடியிலும் இளைஞர்கள் கைப்பேசியைச் சாய்த்து நிறுத்திவிட்டு ஆடுவதை நானும் பார்த்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சியைக் குறைசொல்ல மாட்டேன். தொழிலாளி தன் துயரத்தை மட்டுமே படமெடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால், எது ஓடும், எது ஓடாது என்று தீர்மானிப்பது அந்தச் செயலியின் கணக்கு. எல்லோரும் ஒரே பாட்டுக்கு வாயசைப்பது இதனால்தான். அந்த இடமும் நமக்குச் சொந்தமில்லை. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, சிற்றூர்களின், உழைக்கும் மக்களின் எத்தனையோ பதிவுகள் ஒரே இரவில் பார்வையிலிருந்து மறைந்தன. தடையின் நியாயம் வேறு விவாதம். அடுத்தவர் வீட்டுப் பரணில் வைத்த பொருள் நம் கையில் இல்லை என்பதே இதன் பாடம்.

பிரான்ஸின் பெசான்ஸோன் நகரம் வேறொரு வழியைக் காட்டியது. 1967-இல் அங்குள்ள ரோதியாசேத்தா ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி, புகழ்பெற்ற இயக்குநர் கிறிஸ் மார்க்கரும் மாரியோ மரேயும் ஒரு படம் எடுத்தனர். அதைத் தொழிலாளர்களிடம் போட்டுக் காட்டியபோது பாராட்டு மட்டும் வரவில்லை. எங்களை வெளியாள் கண்ணோடு பார்த்திருக்கிறீர்கள், பெண்கள் மனைவியராக மட்டுமே வருகிறார்கள் என்று கடுமையாக விமர்சித்தனர். மார்க்கரும் நண்பர்களும் அதை அவமதிப்பாகக் கொள்ளவில்லை. தொழிலாளர்களுக்கே கேமராவையும் படத்தொகுப்பையும் கற்றுக்கொடுத்தனர். அவர்கள் எடுத்த படம் 1969-இல் வந்தது. அதன் மையம், கைக்கடிகார ஆலைத் தொழிலாளியான சூசன் செதே. முந்தைய படத்தில் கணவர் அருகே ஏறக்குறைய மௌனமாக இருந்தவர், இந்தப் படத்தில் தானே பேசுகிறார். கேமரா கைமாறியதும் கதையின் நாயகியும் மாறிவிட்டார்.

அங்கே தொழிலாளர்களுக்குக் கருவியையும் கடன் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே கருவி ஏற்கெனவே பையில் இருக்கிறது. தேவையானது மற்றவை மட்டுமே. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கக்கூடிய மகளிர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் ஒரு கூடத்தில், விடுமுறை நாளில் பயிற்சி நடத்தவும், எடுத்த படங்களைத் திரையிடவும் தடை என்ன? தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் மாணவர்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் போன்ற ஊர்களுக்கு வந்து கற்றுத்தரலாம். ஒரே இடம், மூன்று நிமிடம், பத்து ஷாட் என்று எல்லை வகுத்துக் கொடுத்தால் போதும். சுருளின் விலை முன்பு கற்பித்த சிக்கனத்தை அந்த எல்லை கற்பிக்கும். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து தங்கியிருப்பவர்கள் தங்கள் மொழியிலேயே எடுக்கட்டும். எடுத்தவை ஊர்ப்புற நூலகத்தில் ஒரு பிரதியாகவாவது இருக்கட்டும்.

நிதி தருகிறோம் என்று நிறுவனங்கள் முன்வந்தால், கருப்பொருளில் தலையிடுவதில்லை என்ற உறுதியோடு வர வேண்டும். இல்லையேல் அது விளம்பரப் படமாகிவிடும். பயிற்சியின் முதல் பாடம் கேமராவைப் பற்றியதாக இல்லாமல், இசைவைப் பற்றியதாக இருக்க வேண்டும். 'வழக்கு எண் 18/9' படத்திலேயே ஒரு பள்ளி மாணவன் பெண்ணின் அறியாமையைப் பயன்படுத்தி அவளைக் கைப்பேசியில் படமெடுப்பது கதையின் திருப்பம். மலிவான கேமரா எவ்வளவு எளிதாக உண்மையைப் பேசுமோ, அவ்வளவு எளிதாக ஒருவரின் மானத்தையும் பறிக்கும். விடுதிப் பெண்கள் கேமராவைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. அந்த அச்சத்தை மதிக்காத பயிற்சி தேவையில்லை.

இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு கூடம், ஒரு திரை, ஒரு புரொஜெக்டர், மாதத்தில் ஒரு நாள். ஆயிரக்கணக்கான கோடி முதலீடுகளைக் கணக்கிடும் ஓர் அரசுக்கு இது கணக்கில் வராத தொகை. ஏற்றுமதிப் புள்ளிவிவரம் அடுத்த ஆண்டு வேறாக இருக்கும்; ஆலைகளும் நிலையானவை அல்ல. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014-இல் மூடப்பட்டதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கு வேலை செய்த ஆயிரக்கணக்கானோரின் இளமைக்காலத்தை அவர்களே பதிவு செய்து வைத்திருந்தால், இன்று நமக்கு அது எவ்வளவு பெரிய ஆவணமாக இருந்திருக்கும்! அந்த வாய்ப்பு போய்விட்டது. இப்போது வேலை செய்யும் தலைமுறைக்கு அது இன்னும் இருக்கிறது.