விக்ரமுக்கு வந்த கட்டி

ஆபீசில் ஆணி கொஞ்சம் அதிகமாக இருந்த ஒரு நாள். 2025 ஜூன், செவ்வாய்க்கிழமை. ஊரிலிருந்து தங்கச்சி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவள் வழக்கமாக அனுப்புவது ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம்தான். சாப்பிடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். லெஸ்டரில் மணி ஒன்று ஆனபோது திறந்தேன். சூளூர்பேட்டையில் சாயங்காலம் ஐந்தரை.

வீடியோவில் விக்ரம். இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீக்கம். பக்கத்தில் கொத்தமல்லி வாடிக் கிடக்கிறது, தொடவே இல்லை.

விக்ரம் யார் என்று சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். 2023 ஜூலையில் ஊருக்குப் போயிருந்தோம். 14ஆம் தேதி மத்தியானம் 2.35க்கு சந்திரயான்-3 கிளம்பியதை எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பிள்ளைகளோடு பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ராக்கெட் புதுசில்லை. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருக்கிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்வதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அன்றைக்கு எல்லோருக்கும் குஷி. அடுத்த வாரம் பல்லாவரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனோம், வெள்ளிக்கிழமை சந்தை. தங்கச்சி மகள் ஒரு கூண்டின் முன்னால் நின்றுவிட்டாள். தங்கமணி கண்ணால் ஜாடை காட்டினாள், வேண்டாம் என்று. மாமா கேட்பாரா? கினிப்பன்றி இரண்டு வாங்கிக் கொடுத்தேன். அவை விக்ரம், பிரக்யான் ஆயின. அடுத்த வாரம் நான் விமானம் ஏறிவிட்டேன்.

நான் வாங்கிக் கொடுத்தேன், நான் கிளம்பிவிட்டேன். இந்த இரண்டு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சொந்த செலவில் சூனியம் என்பார்களே, இது அதைவிட மோசம். என் செலவு, தங்கச்சிக்குச் சூனியம்.

உடனே போன் செய்தேன். "ஒண்ணுமில்லண்ணா, மருந்துக்கடையில காட்டினேன். அமாக்ஸிசிலின் சிரப் குடுத்தாரு, குழந்தைங்களுக்குக் குடுக்கறது. மத்தியானம் ஒரு வேளை குடுத்துட்டேன்" என்றாள்.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நான் டாக்டர் இல்லை, மென்பொருள் சோதிக்கிற ஆள். ஆனால் 2021இல் எங்கள் வீட்டு கினிப்பன்றிக்கு (பேர் இட்லி, மகள் வைத்தது) இதே மாதிரி சீழ்க்கட்டி வந்தபோது இங்கே கால்நடை மருத்துவர் முதலில் சொன்னதே இதுதான்: பென்சிலின் வகை மருந்து எதையும் வாயில் கொடுத்துவிடாதீர்கள்.

காரணம் இந்தப் பிராணியின் குடல். புல்லைச் செரிக்க அதற்குள் ஒரு பாக்டீரியாக் கூட்டமே குடியிருக்கிறது. பென்சிலின், அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவை அந்த நல்ல கூட்டத்தை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். வயிற்றுப்போக்கு, பிறகு சில நாளில் மரணம். ஆக்ஸ்ஃபோர்டில் 1940 மே மாதம் ஃப்ளோரியின் குழு பென்சிலினை முதலில் சோதித்தது சுண்டெலிகளில். அந்த இடத்தில் கினிப்பன்றியை எடுத்திருந்தால் மருந்தே விஷம் என்று மூட்டை கட்டியிருக்கலாம். ஆராய்ச்சிக்கே பேர்போன பிராணி அன்றைக்கு ஆராய்ச்சிக்கு வராமல் போனது மனுஷன் செய்த புண்ணியம் :-)

"அண்ணா, பச்சக் குழந்தைக்கே குடுக்கறதுதானே, இதுக்கு என்ன ஆகப்போவுது?" என்று தங்கச்சி கேட்டதில் தப்பே இல்லை. நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். காய்ச்சலா, கட்டியா, மருந்துக்கடையில் சொன்னால் ரெண்டு மாத்திரை கத்தரித்துக் கொடுப்பார்கள். மனிதர்களுக்கே இது கெட்ட பழக்கம். சின்னப் பிராணிக்கு உயிர் போகிற பழக்கம். கடைக்காரரைக் குற்றம் சொல்லி என்ன, அவரிடம் யாரும் கினிப்பன்றி குடலைப் பற்றிச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. வாங்கிக் கொடுத்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். நல்ல மனிதர். மறைக்காமல் பேசினார். "எருமை, ஆடு கொண்டாங்கம்மா, பார்க்கறேன். இத்தனூண்டு உடம்புக்கு மயக்க மருந்து குடுத்து எனக்குப் பழக்கமில்லை. மெட்ராஸ் கொண்டுபோங்க" என்றார். மாவட்டத் தலைநகரம் திருப்பதி. 2022 வரை நெல்லூர். திருப்பதியில் கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் கால் எப்போதும் சென்னைப் பக்கம்தான் நடக்கும். மின்சார ரயில் இருக்கிறதே! வியாழக்கிழமை விடியற்காலை வண்டியில், வெயில் ஏறுவதற்கு முன்னால், மூங்கில் கூடையில் விக்ரமையும், துணைக்குப் பிரக்யானையும் வைத்துக்கொண்டு அம்மாவும் மகளும் கிளம்பினார்கள்.

எதிர் சீட்டில் ஒரு பாட்டி, "பந்திகொக்கா?" என்று தெலுங்கில் கேட்டாராம். பெருச்சாளியா என்று அர்த்தம். ஆங்கிலத்தில் பெருச்சாளியை பாண்டிகூட் என்கிறார்களே, அது இந்தத் தெலுங்குச் சொல்லிலிருந்து போனதுதான். நம் பழைய அகராதிக்காரர்களும் கினிப்பன்றிக்கு சீமைப்பெருச்சாளி என்று பேர் வைத்தார்கள். பாட்டி கேட்டது சரிதான்.

சென்னையில் சின்னப் பிராணிகளைப் பார்க்கும் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கினிப்பன்றிக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், தாடையில் கட்டி வந்தால் முதலில் பல் வேரைத்தான் சந்தேகப்பட வேண்டும். நல்லவேளை, பல் சரியாக இருந்தது. கூண்டில் போட்டிருந்த வைக்கோல் குத்தி உள்ளே கிருமி போயிருக்கலாம் என்றார் மருத்துவர். மயக்கம் கொடுத்து, கீறி, சீழை எடுத்தார். இதன் சீழ் நமக்கு வருவது மாதிரி தண்ணியாக ஓடாது, கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். அதைச் சுற்றி ஒரு பை. வீட்டில் ஊசியால் குத்தியோ பிதுக்கியோ பார்ப்பது கூடவே கூடாது, உள்ளுக்குள் உடைந்தால் பரவிவிடும். குடலுக்கு ஒத்துக்கொள்ளும் வேறு ஆன்டிபயாட்டிக்கும் வலி மருந்தும் எழுதிக் கொடுத்தார். முக்கியமான விஷயம், புண்ணைத் தைக்கவில்லை. திறந்தே விட்டார். வாய் சீக்கிரம் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி சீழ் கட்டும். அடியிலிருந்து ஆறிக்கொண்டு மேலே வர வேண்டும்.

அப்புறம் வந்ததுதான் நிஜமான வேலை. தினம் இரண்டு வேளை விக்ரமைத் துண்டில் கொழுக்கட்டை மாதிரி சுற்றி, புண்ணுக்குள் சலைனை சிரிஞ்சால் அடித்துக் கழுவ வேண்டும். தானாகத் தின்னாததால் பெல்லட்டை ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில், வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே குடல் நின்றுபோகிற பிராணி இது. கூடவே வைட்டமின் சி சொட்டு. நம்மைப் போலவே கினிப்பன்றியும் அதை உடம்புக்குள் தயாரிக்க முடியாத பிராணி. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் இதற்கு ஸ்கர்வி வரவழைத்துக் காட்டிய பிறகுதான் அந்த நோயை ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துப் படிக்கவே முடிந்தது. அந்த வைட்டமின் குறைந்தால் புண் ஆறாது. இத்தனையும் ஜூன் மாத சூளூர்பேட்டை வெயிலில். ஆண்டிஸ் மலைக் குளிரில் பிறந்த இனம், நம் வெயில் தாங்காது. டேபிள் ஃபேன், ஈரத்துணி சுற்றிய ஐஸ் பாட்டில். புண்ணில் ஈ உட்காராமல் கொசுவலை வேறு.

நான் இங்கிருந்து என்ன செய்தேன்? பணம் அனுப்பினேன். ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்து, "கழுவினியா? எடை பார்த்தியா? பேதி இருக்கா?" என்று கேட்டேன். அந்த ஒரு வேளை அமாக்ஸிசிலின் என்ன செய்யுமோ என்று ஞாயிற்றுக்கிழமை வரை தூக்கமில்லை. எடை 910 கிராமிலிருந்து 850க்கு இறங்கியது. மூன்றாம் நாள் தங்கச்சி, "நீ கேக்கறதுக்குப் பதில் சொல்ற நேரத்துல நான் இன்னொரு தடவை கழுவிடுவேண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

அன்றைக்கு அப்பா போனை வாங்கினார். "ஏன்டா, போன வருஷம் எனக்கு முதுகுல கட்டி வந்து கிழிச்சாங்களே, அப்போ நீ ரெண்டு தடவைதான் பேசின. எண்ணி வெச்சிருக்கேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

இங்கே ஒரு நண்பரிடம் சொன்னபோது, "ஐநூறு ரூபாய் பிராணிக்கு ஆயிரக்கணக்கில் செலவா? அந்தக் காசுக்குப் பத்து வாங்கலாமே" என்றார். மனுஷனுக்கே வைத்தியம் கிடைக்காத நாட்டில் இது ஓவர் என்பது அவர் கட்சி. அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். செலவு செய்ய முடியாத குடும்பம், மருத்துவரிடம் சொல்லி வலியில்லாமல் முடித்துவைப்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வாங்கலாம் என்பது என்ன கணக்கு? எட்டு வயசுப் பெண்ணிடம், இது கெட்டுப்போச்சு வேற தரேன் என்று சொல்ல இது பென்சில் இல்லை. அதோடு ஐநூறு ரூபாய் என்பது சந்தையில் நான் கொடுத்த விலை. அதைக் காப்பாற்ற ஆகும் விலையை அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.

லீவில் ஊருக்குப் போகிற நாம் எல்லோரும் இதைச் செய்கிறோம். முயல், லவ் பேர்ட்ஸ், கினிப்பன்றி, போன வருஷம் தெரிந்த ஒருவர் லேப்ரடார் நாய்க்குட்டி. பிள்ளைகள் நாலு வாரம் கொஞ்சுவார்கள், அப்புறம் அது அத்தை தலையில், பாட்டி தலையில். வாங்குகிற ஆள் ஒருத்தர், பீ அள்ளுகிற ஆள் இன்னொருத்தர். சுவிட்சர்லாந்தில் கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று 2008 முதல் விதியே இருக்கிறது. நமக்கு அவ்வளவு எல்லாம் வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் வளர்க்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, இதைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் எத்தனை மணி நேரத் தொலைவில் என்றும் தெரிந்துகொண்டால் போதும். அது தெரியாவிட்டால் கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுங்கள், மட்டைக்குச் சீழ் கட்டாது.

விக்ரம் பிழைத்துக்கொண்டான். ஒரு வாரத்தில் தானாகக் கொத்தமல்லியை இழுத்தான், பன்னிரண்டாம் நாள் புண் மூடியது. வைக்கோலை எடுத்துவிட்டுப் பழைய போர்வைத் துணி போட்டிருக்கிறார்கள்.

தங்கச்சி மகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எடை எழுதி வைத்திருந்தாள். அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். விக்ரம் 850, 855, 870, கடைசியில் 905. அடுத்த பக்கத்தில் பிரக்யான். அதற்கடுத்த பக்கத்தில், அதே கோணல் எழுத்தில், 'தாத்தா 58'. கீழே இரண்டு மாதம் கழித்து 'தாத்தா 56'.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று பக்கமும் எனக்கு வருகிறது. வந்தவுடன் முதலில் அப்பாவுக்குத்தான் போன் செய்கிறேன். அவர் விக்ரமைப் பற்றிப் பேசுகிறார்.